கம்ப்யூட்டர் பாதுகாப்பை வெளியே கொடுப்பது எப்படி: நெல்லைச் சீமைச் சிறுதொழில்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வண்ணார்பேட்டையில் மருந்து மொத்த வியாபாரம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், முக்கூடலில் பீடி, அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை, பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி, கங்கைகொண்டான் சிப்காட்டில் சின்னதாக ஒரு பாக்டரி. தொழில் எதுவானாலும் ஆபீஸ் ரூமுக்குள் போனால் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்திலிருந்து முப்பது கம்ப்யூட்டர் இருக்கும். அதில் கொஞ்சம் தடிமனான ஒன்றை 'சர்வர்' என்பார்கள். டேலி, பில்லிங், சிசிடிவி, எல்லோருக்கும் ஒரே வைஃபை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

"பாதுகாப்பை வெளியாளிடம் கொடுக்கலாமா தம்பி?" என்று அண்ணாச்சிமார் யோசனை கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். ஏற்கெனவே கொடுத்தாயிற்றே! டேலி சர்வீஸ் தம்பி, தூரத்தில் இருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க்கில் நினைத்த நேரத்தில் உள்ளே வருகிறார். ரவுட்டர் பாஸ்வேர்டு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவரிடம். கேமரா பாஸ்வேர்டு மாட்டிவிட்டுப் போனவரிடம். ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. போவது ஆடிட்டர் ஆபீஸ் போனுக்கு. கம்பெனி வெப்சைட்டின் பெயர், அதைச் செய்துகொடுத்த பையனின் சொந்த ஜிமெயிலில் பதிவாகியிருக்கும். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எதற்கு யார் பொறுப்பு என்று ஒரு காகிதத்திலும் இல்லை. இப்படி நாலா பக்கமும் சிதறிக் கிடப்பதை ஒன்றாகக் கூட்டி, எழுதி, ஒருவரிடம் முறையாகக் கொடுப்பதுதான் நாம் செய்யப்போகும் சோலி.

அதற்கு முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். தாமிரபரணிக் கரையில் வயலைக் குத்தகைக்கு விட்டாலும் பட்டா சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும். குத்தகைக்காரர் உழுவார், நடுவார், அறுப்பார். வயலை விற்க மட்டும் அவரால் முடியாது. கம்ப்யூட்டர் பாதுகாப்பிலும் அப்படித்தான், வேலையைக் கொடுக்கலாம், பட்டாவைக் கொடுக்கக் கூடாது. சட்டமும் இதையே சொல்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் விவரத்தைக் கையாளும் வேலையை நீங்கள் யாரிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம் ஊர்க் கடைக்கு அவ்வளவு வராது. ஆனால் "அந்தப் பையன் பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்" என்பது பதிலாகாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. தயாராக இப்போதே தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

1. சாவிக் கணக்கு எடுங்கள்

எந்தக் கம்பெனியையும் கூப்பிடுவதற்கு முன்னால், கடை அடைத்தபின் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நீளக் கணக்கு நோட்டில் இதை எழுத வேண்டும். எக்செல்லில் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் போகும்போது கணக்கும் சேர்ந்து போகும், நோட்டே நல்லது.

பக்கத்தை நாலாகப் பிரியுங்கள். பொருள் என்ன, யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம், பாஸ்வேர்டு மறந்தால் மீட்கும் ஓ.டி.பி. எந்த நம்பருக்குப் போகும். நாலாவது கட்டம்தான் உயிர்நாடி. பாஸ்வேர்டு உங்களிடமே இருந்தாலும், 'மறந்துவிட்டது' என்று அமுக்கினால் ஓ.டி.பி. வேறொருவர் போனுக்குப் போகிறது என்றால் அந்தக் கணக்கு அவருடையது.

எழுத வேண்டியவை: ஈமெயில் கணக்குகள், வெப்சைட் பெயர், டேலி லைசென்ஸ், நெட் பேங்கிங், ஜி.எஸ்.டி., இ-வே பில், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ரவுட்டர், கேமராப் படத்தைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி, வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் வரைபடத்தில் கடை இருக்கும் பக்கம், பேக்கப் ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எந்த விண்டோஸ் என்பதையும் எழுதுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற மெஷின் ஒன்றாவது பில் போடும் மேஜையில் இருக்கும். அதற்கு 2020 ஜனவரியிலேயே கதை முடிந்தது.

இந்தக் கணக்கில் பலரையும் திடுக்கிட வைப்பது ஜி.எஸ்.டி. எழுதிய வரிசைதான். இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அந்த ஓ.டி.பி. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் கோயம்புத்தூர் போய்விட்ட ஒரு பெண்ணின் நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அப்படித்தான். ஆடிட்டர் மேஜை டிராயரில், பின் நம்பர் ஒட்டிய ஸ்டிக்கரோடு கிடக்கும். அது உங்கள் கையெழுத்து. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது விட்டுவைப்பீர்களா?

2. எதைக் கொடுக்கக் கூடாது

நோட்டு எழுதி முடித்ததும் சில வரிகளுக்குச் சிவப்புக் கோடு போடுங்கள். ஈமெயிலின் தலைமை அட்மின் கணக்கு, வெப்சைட் பெயரின் பதிவுக் கணக்கு, வங்கி ஓ.டி.பி., டிஜிட்டல் கையெழுத்து. இவை முதலாளி கையில், அல்லது வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில். வேலை செய்பவருக்குத் தனியாக அட்மின் கணக்கு ஒன்றை அவர் பெயரிலேயே உண்டாக்கிக் கொடுங்கள். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைச் சொல்லவே வேண்டாம். தனிப்பெயரில் இருந்தால்தான் யார் எப்போது என்ன செய்தார் என்பது பதிவில் நிற்கும். அவர் போகும்போது அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதும்.

இன்னொன்று, ஒரு பேக்கப். எத்தனை பேக்கப்பை வெளியார் பார்த்துக்கொண்டாலும், ஒன்று அவர் கைக்கே எட்டாததாக இருக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பணம் அனுப்பும் முடிவும் வெளியே போகக் கூடாது. அவுரி இலை ஏற்றுமதி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். ஜெர்மனியில் சரக்கு வாங்குபவருக்கு இவர் பெயரில் ஒரு மெயில் போகிறது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் பில்லுக்கு இந்த நம்பரில் போடவும்." மெயிலில் முந்தைய பேச்சு வார்த்தைகள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஏனென்றால் திருடன் வாரக்கணக்கில் அந்த மெயில்பெட்டிக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன். நெட்வொர்க் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கு இது ஒரு சாதாரண மெயில். அது பாட்டுக்கு விட்டுவிடும். கணக்கு நம்பர் மாறியதாக வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டு வாயால் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புவது என்று இரு பக்கமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இதை எந்த செக்யூரிட்டி கம்பெனியும் உங்களுக்காகச் செய்யாது.

3. செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்

கதவைத் திறந்து போட்டுவிட்டு ராத்திரிக் காவலுக்குச் சம்பளம் கொடுப்பதில் அர்த்தமில்லை. வெளியே கொடுக்கும் முன் இவற்றை உள்ளூர் சர்வீஸ்காரரை வைத்தே முடித்துவிடலாம்.

ஈமெயில், வங்கி, ஜி.எஸ்.டி. எல்லாவற்றிலும் இரட்டைச் சரிபார்ப்பு. தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரண விண்டோஸ் கணக்கு. கிராக் செய்த சாஃப்ட்வேர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காசு மிச்சம் என்று போட்ட போட்டோஷாப்போடு வேறு என்ன வந்ததென்று போட்டவருக்கே தெரியாது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வன்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே அடைத்துவிட்டது. இரண்டு மாதம் அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எல்லாவற்றிலும் அவசரம் ரவுட்டர். முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று யாரோ ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பார்கள். 3389 என்ற போர்ட் அது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உலகம் முழுக்க ராப்பகலாகத் தட்டிப் பார்க்கும் கதவுகளில் இது முதல் வரிசை. இன்றைக்கே அடைக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். என்ற பூட்டிய தனிவழியாக வரட்டும். கேமராப் பெட்டியையும் பில்லிங் கம்ப்யூட்டர்களோடு ஒரே நெட்வொர்க்கில் போடாமல் தனியாகப் பிரியுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. சவம், இன்னைக்கும் பாதிக் கடைகளில் கேமரா பாஸ்வேர்டு அட்டைப்பெட்டியில் அச்சடித்து வந்ததுதான்.

4. என்னென்ன விற்கிறார்கள், உங்களுக்கு எது தேவை

வருகிற சேல்ஸ்மேன் எல்லாவற்றையும் 'செக்யூரிட்டி' என்ற ஒரே சாக்கில் கட்டுவார். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஏ.எம்.சி., அதாவது வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், கம்ப்யூட்டர் ஓடுவதற்கு. பிரிண்டர் நின்றால் வருவார், ஹார்டு டிஸ்க் போனால் மாற்றுவார். அவசியமான வேலை. ஆனால் அதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேனேஜ்டு சர்வீஸ் என்றால் மாதக் கட்டணத்துக்கு அப்டேட், பேக்கப், பயனர் கணக்குகள் எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிப்பது. கம்ப்யூட்டருக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நம் ஊர்த் தொழில்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது இதுதான்.

ஈ.டி.ஆர். என்பது ஆன்டிவைரசின் அடுத்த படி. தெரிந்த வைரசை மட்டும் தேடாமல், ஒரு புரோக்ராம் திடீரென்று ஆயிரம் ஃபைலைத் தொட ஆரம்பித்தால் அதையும் கவனித்து நிறுத்தும். அதை 24 மணி நேரமும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் எம்.டி.ஆர். என்பார்கள். எஸ்.ஓ.சி. என்பது இப்படிப் பார்க்கும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு மையம். இருபது கம்ப்யூட்டர் உள்ள கடைக்கென்று தனி எஸ்.ஓ.சி. போடச் சொன்னால் நமஸ்காரம் சொல்லி அனுப்பிவிடுங்கள். பலருக்குப் பொதுவான மையத்தில் ஒரு பங்கு போதும். ஆள் பார்க்காத ஈ.டி.ஆர். மட்டும் வாங்குவதும் வீண்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அது எச்சரிக்கை அனுப்பும், காலை பத்து மணிக்குக் கணக்குப்பிள்ளை வந்து அந்தச் சின்னப் பெட்டியை எக்ஸ் போட்டு மூடுவார்.

வி.ஏ.பி.டி. என்பது ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சோதித்து அறிக்கை தருவது. வங்கியோ பெரிய வாடிக்கையாளரோ கேட்டால் செய்யுங்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அங்கீகரித்த ஆடிட்டர்கள் பட்டியல் அதன் தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்காதபோது முதல் செலவாக இதைச் செய்ய வேண்டாம். ஓட்டைப் பட்டியல் வரும், அடைக்க ஆள் இருக்காது.

ஃபயர்வால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பவருக்கு லாபம் அதில் அதிகம் என்பதால் முதலில் அதைத்தான் தள்ளுவார்கள். நல்ல பொருள்தான். ஆனால் வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புது ஆபத்துகளை அடையாளம் காணும் வேலை நின்றுபோய், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். என் கணக்கில் வரிசை இப்படி: முதலில் பேக்கப், அடுத்து ஈமெயில், அப்புறம் ஆள் பார்க்கும் ஈ.டி.ஆர்., கடைசியில்தான் ஃபயர்வால்.

5. உள்ளூரா, வெளியூரா

பாளையங்கோட்டையிலோ ஜங்ஷனிலோ இருப்பவர் கூப்பிட்டால் அரை மணியில் பைக்கில் வந்து நிற்பார். உங்கள் தொழில் தெரியும், ஆடி மாதம் வியாபாரம் படுக்கும், தீபாவளிக்கு முன் சர்வரைத் தொடக் கூடாது என்று தெரியும். ஆனால் ராத்திரி கண்விழித்துப் பார்க்க அவரிடம் ஆள் இருக்காது. சென்னை, பெங்களூரு கம்பெனிகளிடம் ஆள் இருக்கிறது. உங்கள் வொயர் எங்கே போகிறது என்று தெரியாது. ஆகவே கையும் காலும் உள்ளூர், கண் வெளியூர் என்று பிரித்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவரும். உள்ளூர்க்காரரே ஒரு வெளியூர் எம்.டி.ஆர். சேவையை வாங்கி உங்களுக்குத் தந்தால் இன்னும் நல்லது. பில் ஒன்று, கேட்க ஆள் ஒன்று. ஆனால் அந்த வெளியூர்க் கம்பெனி எது என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நோண்ட வேண்டும் என்றால், திருடர்கள் இப்போது வாடிக்கையாளரை விட்டுவிட்டு வேலை பார்ப்பவர் வீட்டைத்தான் குறிவைக்கிறார்கள். ஒன்றை உடைத்தால் நூறு திறக்கும். 2021 ஜூலை 2 அன்று, அமெரிக்கச் சுதந்திர தின நீண்ட விடுமுறைக்கு முன் நாள், கேசியா என்ற கம்பெனியின் ரிமோட் நிர்வாக சாஃப்ட்வேரில் ஒரு கும்பல் புகுந்தது. அதை வைத்துச் சிறுதொழில்களைப் பராமரித்துக்கொண்டிருந்த சர்வீஸ் கம்பெனிகளில் மாட்டியவை அறுபதுக்கும் குறைவு. அவர்கள் வழியாகப் பூட்டப்பட்ட தொழில்கள் 1,500 வரை. ஸ்வீடனில் ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமம் நூற்றுக்கணக்கான கடைகளை அடைத்தது, கல்லாப்பெட்டி வேலை செய்யவில்லை. நம் நாட்டிலும் நடந்தது: 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரில் மாட்ட, அதை நம்பியிருந்த கூட்டுறவு, கிராம வங்கிகள் சுமார் முந்நூறின் யு.பி.ஐ. போன்ற சேவைகள் தடைபட்டன. அந்த வங்கிகள் தனியாக எந்தத் தப்பும் செய்யவில்லை. அவ்வளவு ஏன், நம் எல்லோர் மேஜையிலும் இருக்கும் எனிடெஸ்க்கின் சொந்த சர்வர்களிலேயே ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனமே 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

வேலை பார்ப்பவர் கைக்கு எட்டாத பேக்கப் ஒன்று வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அவருடைய சாவியைத் திருடினவன் அவர் எட்டும் இடமெல்லாம் எட்டுவான்.

6. தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், ஆனால் விலையைக் கடைசியில் பாருங்கள். விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நேரில் உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிஷத்தில் ஆள் தெரிந்துவிடும்.

"பேக்கப் எப்படி?" என்று கேளுங்கள். "அதெல்லாம் டெய்லி ஆட்டோமேட்டிக்கா ஆயிரும் அண்ணாச்சி, கவலையே படாதீங்க." இது பதில் இல்லை. "சரி, வேற யாரோ ஒரு கஸ்டமருக்கு கடைசியா எப்போ திருப்பி எடுத்துப் பாத்தீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?" உண்மையில் செய்கிறவர் கொஞ்சம் யோசித்து, "போன மாசம் ஒரு லேபுக்கு எடுத்தோம், ஆறு மணி நேரம் ஆச்சு, நடுவுல ஒரு ஃபோல்டர் விட்டுப்போயி மறுபடி எடுத்தோம்" என்று குறையோடு சேர்த்துச் சொல்வார். அவரை நம்பலாம்.

"பொங்கலன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எங்க சர்வர்ல ஏதாவது நடந்தா யாருக்குத் தெரியும்? அவங்க என்னை எந்த நம்பர்ல கூப்பிடுவாங்க?" பொங்கல் என்றில்லை, ஆனித் தேர் ஓடும் நாள், தேர்தல் நாள், எதையாவது கேளுங்கள். கேசியா கும்பல் விடுமுறையைப் பார்த்துத்தான் வந்தது.

"உங்க டெக்னீஷியன் எங்க கம்ப்யூட்டருக்குள்ள வர்றதுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருக்கா? எல்லா கஸ்டமருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டா?" இந்தக் கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம்.

அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். முடிந்தால் அவரை விட்டுப் போன ஒருவரையும் பைய விசாரியுங்கள். ஏரல், திசையன்விளை என்று எந்த ஊரானாலும் நம் பக்கத்து வியாபாரிகளுக்குள் விசாரிப்பது கஷ்டமே இல்லை. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் காட்டினால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

7. எழுதி வாங்குங்கள்

"நம்ம ஆளுதான்" என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டமே, வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதானால் முறையான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. இரண்டு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். அதில் இவை இருக்கட்டும்.

எவை அவர் பொறுப்பு, எவை இல்லை. பெரும்பாலான சண்டை இங்கேதான் வரும். சர்வர் அவர் பொறுப்பு, கணக்குப்பிள்ளை வீட்டு லேப்டாப்? முதலாளி போன்? ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

நேரம். 'நாலு மணி நேரத்தில் பதில்' என்று போட்டிருப்பார்கள். பதில் என்பது போனை எடுப்பது. சரிசெய்து கொடுப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக எண் வேண்டும்.

சம்பவத்தைச் சொல்லும் கடமை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, ரான்சம்வேர் போன்ற தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு, குறுந்தொழில்களுக்குத் தந்த அவகாசமும் அந்த வருஷம் செப்டம்பர் 25-உடன் முடிந்தது. சர்வீஸ்காரர் உங்களிடம் சொல்லவே ஒரு நாள் எடுத்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் போனில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

லாக், அதாவது கம்ப்யூட்டரில் நடந்தவற்றின் பதிவு. அதே உத்தரவு 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது; புதிய தரவுப் பாதுகாப்பு விதிகள் ஒரு வருஷம் என்கின்றன. ஒரு வருஷமே போட்டுவிடுங்கள். எங்கே வைக்கிறார், நீங்கள் கேட்டால் எப்படித் தருவார் என்பதும் வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்ற கம்பெனிச் சட்ட விதியும் உண்டு. ஆடிட்டரிடம் கேட்டு அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, விலகும் வழி. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பேசுவதுபோல் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. எத்தனை நாள் நோட்டீஸ், எந்தெந்தப் பாஸ்வேர்டுகளை ஒப்படைப்பார், உங்கள் தரவை எப்போது அழிப்பார் என்று இப்போதே எழுதாவிட்டால் மனஸ்தாபம் வந்த பிறகு எழுத முடியாது.

8. முதல் மூன்று மாதம்

கையெழுத்துப் போட்டவுடன் நோட்டை எடுத்து, பழைய ஆட்களின் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். பழைய எனிடெஸ்க் பாஸ்வேர்டு, கேமரா, ரவுட்டர் எல்லாம் மாற வேண்டும். கோபித்துக்கொள்வார்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதத்திலேயே பேக்கப் சோதனை. இதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் சேராத ஒரு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நேற்று ராத்திரி பேக்கப்பை அதில் இறக்கி, டேலியில் கம்பெனியைத் திறக்கச் சொல்லுங்கள். நேற்றுக் கடைசியாகப் போட்ட பில் நம்பர் உங்களுக்குத் தெரியும், அது வருகிறதா? கையிருப்பு ரொக்கம் சரியாகக் காட்டுகிறதா? போன வருஷக் கணக்கு திறக்கிறதா? பில்லுக்கான பி.டி.எஃப்., ஊழியர் விவர எக்செல் எல்லாம் வந்திருக்கின்றனவா? பல இடங்களில் டேலி மட்டும் பேக்கப் ஆகும், டெஸ்க்டாப்பில் கிடக்கும் நாலு வருஷத்து எக்செல் ஆகவே ஆகாது. டேலிவால்ட் பூட்டுப் போட்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்டு நோட்டில் இருக்கிறதா பாருங்கள், மறந்தால் டேலி கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. தொடங்கியதிலிருந்து திறக்கும்வரை எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். விபத்து நடந்தால் கடை அடைத்திருக்க வேண்டிய நேரம் குறைந்தது அதுதான்.

பேக்கப் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய கணக்கு. நம் ஊரில் 'வேறு இடம்' என்பதற்குத் தனி அர்த்தமே உண்டு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். தரையில் வைத்த சர்வரும் மேஜைக் கீழ் டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே மூழ்கும். ஆகவே வேறு இடம் என்றால் அடுத்த தெரு இல்லை, ஆற்றங்கரையைத் தாண்டி மேட்டுப் பகுதியில், அல்லது கிளவுடில். நான் முன்பு சொன்ன முதலாளியின் சொந்த பேக்கப்புக்கு வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி எடுக்கும் இரண்டு ஹார்டு டிஸ்க் போதும். ஒன்று எப்போதும் கழற்றி வீட்டு பீரோவில் இருக்கட்டும். வொயரில் மாட்டியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

மாதா மாதம் சர்வீஸ்காரர் ஓர் அறிக்கை தர வேண்டும். கலர் கலராக வட்டப்படம் போட்ட இருபது பக்கம் வேண்டாம். எத்தனை கம்ப்யூட்டரில் அப்டேட் பாக்கி, பேக்கப் எந்தெந்த நாள் தவறியது, எந்த எச்சரிக்கை வந்தது, என்ன செய்தார், ஒரு பக்கத்தில். எல்லா மாதமும் 'எல்லாம் நலம்' என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

9. நடந்துவிட்டால்

இந்தப் பகுதியை அச்செடுத்து சர்வர் பக்கத்தில் ஒட்டுங்கள், ஏனென்றால் அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் திறக்காது.

ஃபைல் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்டு ஒரு தாள் திரையில் வந்தால் முதலில் நெட்வொர்க் வொயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம். எப்படி நுழைந்தான் என்ற தடயம் அதன் நினைவகத்தில் இருக்கலாம். திரையைப் போனில் படம் எடுங்கள். மாட்டியிருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றுங்கள். அப்புறம் சர்வீஸ்காரருக்குப் போன்.

யாராவது "பார்மட் பண்ணிருவோம் அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல புதுசாயிரும்" என்பார்கள். செய்யவிடாதீர்கள். தடயம் போகும், நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கும், மறுவாரம் திரும்ப வருவான். சில வகை ரான்சம்வேருக்கு இலவசச் சாவி 'நோ மோர் ரான்சம்' தளத்தில் கிடைக்கிறது. யூரோபோல் அமைப்பும் டச்சுப் போலீசும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பார்மட் செய்துவிட்டால் அந்தச் சாவியும் பயன்படாது. பணம் கட்டலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. கட்டினவருக்கெல்லாம் ஃபைல் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன். மணிக்கணக்கு முக்கியம்; சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தகவல். வாடிக்கையாளர் விவரம் கசிந்திருந்தால், தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அந்த வாடிக்கையாளர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்தில்.

வருஷத்துக்கு ஒருமுறை இதை ஒத்திகை பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்வர் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, திங்கள் கடையைக் கையால் பில் எழுதியாவது நடத்த முடியுமா என்று பேசிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை வெளியே வரும்.

10. ஆளை மாற்றும்போது

இரண்டு வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரலாம். சண்டை போட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. புதியவரை உறுதி செய்த பிறகு பழையவருக்கு நோட்டீஸ் கொடுங்கள். இருவரும் ஒரு வாரமாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும். சாவிக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்படைப்பு வாங்குங்கள். ஈமெயில் அட்மின் பட்டியலையும் கம்ப்யூட்டர்களில் உள்ள ரிமோட் சாஃப்ட்வேர்களையும் புதியவர் முன்னால் நீங்களே பாருங்கள், பழையவருடைய ஈ.டி.ஆர். புரோக்ராம் ஒரு மூலை மெஷினில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் தரவை அழித்துவிட்டேன் என்று கடிதம் வாங்குங்கள். அவரிடம் இருக்கும் பழைய லாக்குகளின் பிரதியும் உங்கள் டிஸ்க்குக்கு வந்து, அது திறக்கிறது என்று பார்த்த பிறகே கடைசி பில்லுக்குப் பணம் அனுப்புங்கள்.